அறுத்த உறவு

பிரிக்ஃபீல்ட்ஸில் மூன்றாம் மாடி அலுவலகம். ஜன்னலுக்கு வெளியே ஊர்ந்துசெல்லும் மோனோரயிலின் நிழல் உஸ்மாவின் கணினியைத் துடைத்துப் போகிறது. திரையில் ஒரு தங்கச் சுரங்கத்தின் இரண்டு வரைபடங்கள். இடப்பக்கம், தங்கம் கூடும் பாறையில் ஆர்செனிக் விஷமும் கூடுவதால் புள்ளிகள் சாய்கோடாக ஏறுகின்றன. வலப்பக்கம், கணக்கு எளிதாவதற்காக மென்பொருள் அந்த உறவை அறுத்துவிட்டிருக்கிறது. புள்ளிகள் வட்டமாகச் சிதறிக் கிடக்கின்றன. கணித்து முடித்ததும் அறுத்ததைத் திரும்பச் சேர்க்க வேண்டும். இன்னும் சேர்க்கவில்லை. "சார், ரிப்போர்ட்ட இப்படியே அனுப்பினா தங்கம் இருக்கிற இடத்துல விஷம் இல்லன்னு காட்டும். கீழ ஆத்தோரம் கம்பத்து ஜனங்க இருக்காங்க சார், அந்தத் தண்ணியத்தான் குடிக்கிறாங்க." மேலாளர் பரமேஸ்வரன் பருப்பு வடையைக் கடிக்கிறார். "கம்பத்துல எவன்மா ரிப்போர்ட் படிக்கிறான்? கிளையண்ட் ஹேப்பி லா." அவள் அச்செடுத்து வைத்திருக்கும் சாய்கோட்டுப் படத்தில் எண்ணெய் விரல்களைத் துடைக்கிறார். அவள் கைக்கு அடியிலிருந்து மவுஸை உருவி அழுத்துகிறார். மின்னஞ்சல் போய்விட்ட ஓசை சிறுமணிபோல் கேட்கிறது. உஸ்மாவின் கை மேசைமேல் மவுஸின் வடிவிலேயே வளைந்து கிடக்கிறது. "மூஞ்ச ஏன்மா தொங்கப் போடுற?" வடைத் தட்டை அவள் பக்கம் நகர்த்துகிறார். "ரிப்போர்ட்டுல தயாரிச்சவங்கன்னு உன் பேர மட்டும்தான் போட்டிருக்கேன்."