மணிக்கட்டுப் பூ

மகிழினியின் கையைப் பார்த்ததும் அப்பா இளங்கோ, "தோலைக் கெடுத்துட்டியே!" என்று கத்தினார். மணிக்கட்டில் பச்சை குத்தியிருந்த பூ, அவள் காதலன் ரூபனின் இதயம் துடிக்கத் துடிக்க விரிந்து சுருங்கியது.

அம்மா சுகந்திக்கு வயிறெரிந்தது. பத்து மாதம் தன் நெஞ்சுத் துடிப்பைக் கேட்டு வளர்ந்தவளாயிற்றே!

மறுநாள் யாரிடமும் சொல்லாமல், மகள் பச்சை குத்திக்கொண்ட அதே கடைக்குப் போனாள்.

"என் பொண்ணோட துடிப்பை எனக்குக் குத்துங்க."

கடைக்காரப் பெண் திரையைப் பார்த்தாள். "ஒரு இதயத்துக்கு ஒரு கைதாம்மா. அவங்களோடது ரூபன் கையில இருக்கு."

"எனக்கு மாத்த முடியாதா?"

"அவர் உயிரோட இருக்கிறவரைக்கும் முடியாதும்மா."

ஒரு கணம் அந்த நினைப்பு சுகந்திக்கு இனித்தது. மறுகணமே பதறிப்போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.