தாழ்ந்த நிலைவாசல்

கல்லூரியின் இருட்டறையில் புரொஜெக்டர் உறுமுகிறது. போன வருஷம் இடித்துத் தள்ளிய, நீலசந்திரா குடிசைப் பகுதியில் அவர்கள் குடியிருந்த வீடு, ரூபினியின் ஆய்வுக்காக, தொங்கும் வெள்ளைத் துணிகளில் வெளிச்சமாக எழுந்து நிற்கிறது. தகரக் கூரை, கொடியில் காயும் சட்டை, குழாயடிச் சத்தம். பார்க்க வந்த அப்பா அசோகன் செருப்பைக் கழற்றிவிட்டு, துணிகளின் நடுவே, இல்லாத நிலைவாசலில் தலை இடிக்காதபடி குனிந்து நுழைகிறார். வழிகாட்டிப் பேராசிரியை கைதட்டுகிறார். "அருமை. இன்னொரு தடவை குனியச் சொல்லு ரூபினி, ரெக்கார்ட் பண்ணிக்கறேன். முதுகு இன்னும் கொஞ்சம் வளையட்டும்." அப்பா வெளியே வந்து மறுபடி குனிகிறார். ரூபினி புரொஜெக்டரின் கண்ணை உள்ளங்கையால் பொத்துகிறாள். சுடுகிறது, எடுக்கவில்லை. வீடு அணைகிறது. விரலிடுக்கில் சிவப்பாகக் கசியும் வெளிச்சத்தில் அவர் இன்னும் குனிந்தபடியே நிற்கிறார். "நிமிருப்பா" என்கிறாள், பேராசிரியையைப் பார்த்துக்கொண்டு.