காயப்போட்ட வலை

கூரைத் தகரம் ஒருமுறை எழும்பி அமர்ந்தது.

அவள் பிள்ளையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு மேலே பார்த்தாள். கடற்பக்கத்து மூலையில் ஒரு கீற்று வெளிச்சம் வந்து போனது.

புது வீடு. சுவர் கல்தான். கூரைக்குப் பாதி ஆணியை அடித்துவிட்டு, மீதியைத் தைக்குப் பிறகு பார்க்கலாம் என்று விட்டிருந்தார் புருஷன் கெங்காதரன். புயலுக்குத் தை வரைக்கும் பொறுமை இருக்கவில்லை.

பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல்லிக் காலையில் ஆட்டோவில் ஒலிபெருக்கி வந்தது. பிள்ளைக்குத் துணி எடுத்து வைப்பதற்குள் மதகுக்கு மேலால் வெள்ளம் பாய ஆரம்பித்துவிட்டது. இந்தக் கரையில் இரண்டு வீடுகள் அகப்பட்டுக்கொண்டன.

ஒன்று இவர்களுடையது.

மற்றது, இவருடைய தம்பி தாசனுடையது. நடுவில் ஒரு வேலி. இரண்டு வருஷமாகப் பேச்சில்லை.

தகப்பன் கண்ணை மூடியதும் கரைவலையைப் பங்கு போட்டார்கள். மீன் வந்து சேரும் மடி அண்ணனுக்கு. இரு பக்கமும் நீண்டு மீனை வளைத்து வரும் கைவலை தம்பிக்கு. மடி இல்லாத கைவலை ஆட்டுப்பட்டிக்குத்தான் ஆகும். கைவலை இல்லாத மடி பழஞ்சாக்கு. 'சரி, சேர்த்துப் போடுவோம்' என்று யாராவது ஒருவர் வாயைத் திறந்தால் முடிந்தது. இவர் விடாக்கண்டன் என்றால் அவன் கொடாக்கண்டன்.

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். வலை இரண்டுபட்டதில் மீன்களுக்குக் கொண்டாட்டம். அண்ணனும் தம்பியும் வேறு ஆட்களின் வலையைக் கூலிக்கு இழுத்தார்கள்.

புயலுக்கு அந்தக் கடற்கரையில் ஒரு மருந்துதான் உண்டு. நீள வலையைக் கூரைமேல் விரித்து, சுற்றிவர நிற்கும் தென்னைகளோடு இழுத்துக் கட்டுவது. காற்று கண்ணிக்குள்ளால் போய்விடும். கூரை நிற்கும்.

கெங்காதரனிடம் இருந்தது மடி. விரித்தால் அடுப்படியைக்கூட மூடாது.

தம்பியிடம் கேட்கச் சொல்லி வாயால் ஒருமுறையும் கண்ணால் பலமுறையும் சொல்லிவிட்டாள். அவர் கூரையின் வளைமரத்தில் கட்டிய கயிற்றை மேலும் மேலும் இறுக்கிக்கொண்டிருந்தார். கேட்டாலும் அவன் எப்படித் தருவான்? காலையிலேயே தன் ஓலைக்கூரைமேல் அதை அவன் விரித்துக் கட்டியதை அவள் வேலிக்கு மேலால் பார்த்திருந்தாள்.

ஒரு ஆணி தெறித்து அடுப்படியில் விழுந்தது.

கூரை போனால் பிள்ளையை எங்கே கிடத்துவது? அவளுக்கு அந்தப் பயம் ஒன்றுதான். வேறு எதையும் நினைக்க முடியவில்லை.

கதவை யாரோ தட்டினார்கள்.

தாசன். பின்னால் தள்ளுவண்டி நிறைய வலை. அதைப் பிடித்துக்கொண்டு அவன் மனைவி நிறஞ்சினி. இருவரும் கிணற்றுக்குள்ளிருந்து ஏறி வந்தவர்கள்போல் இருந்தார்கள்.

அவன் அண்ணனைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்துச் சொன்னான்.

"எங்கட வீடு ஒழுகுது அண்ணி. வலை நனைஞ்சுபோச்சு. உங்கட கூரையிலை கொஞ்சம் காயப்போடட்டே?"

அவனுக்குப் பின்னால் மழை சாய்ந்து சாய்ந்து அடித்தது.

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. அடக்கிக்கொண்டாள். இந்த நேரத்தில் சிரித்தால் இரண்டு பேருமே முறுக்கிக்கொண்டு திரும்பிவிடுவார்கள். அப்படிப்பட்ட குடும்பம் இது.

"போடுங்கோ," என்றாள்.

கெங்காதரன் தலையில் துவாயைக் கட்டிக்கொண்டு வெளியே போய், வலையின் மற்ற முனையைத் தூக்கினார்.

காற்று இரண்டு தரம் பறித்தது. மூன்றாம் தரம் வலை கூரையில் படுத்தது. கயிற்றை இழுக்கும்போது அவருக்கு வாய் தவறி அம்பாப் பாட்டின் ஓர் அடி வந்துவிட்டது, கரையில் வலை இழுக்கிற நினைப்பில். அடுத்த அடியைத் தாசன் எடுத்தான். அதற்குப் பிறகு இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

உள்ளே நிறஞ்சினி ஈரக் கையைத் துடைத்துவிட்டுப் பிள்ளைக்கு நீட்டினாள். இவ்வளவு கிட்டத்தில் அவள் அதைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

பொழுது சாயும் நேரம் வேலிக்கு அப்பால் ஏதோ பெரிதாகப் பறந்தது. தாசன் தலையைத் திருப்பவில்லை. அவர்களுக்கு மேலே தகரம் முனகியது. எழும்பவில்லை.

விடிந்தபோது கடல் ஒன்றும் தெரியாத பிள்ளைபோல் கிடந்தது.

தாசனின் வீட்டில் சுவர்கள் மட்டும் நின்றன. ஓலை ஒன்றுகூட மிஞ்சவில்லை. அதைத் திரும்ப வேயும்வரை எல்லோரும் இங்கேதான் என்பது யாரும் சொல்லாமலே முடிவாகியிருந்தது. நிறஞ்சினி ஐந்து பேருக்கும் இருக்கிற அரிசியைக் களைந்துகொண்டிருந்தாள், பிள்ளையையும் ஒரு ஆளாகக் கணக்கெடுத்து. பிள்ளையின் தாய் அதைத் திருத்தவில்லை. மனம் நிறைந்துபோய் இருந்தது.

வெளியே அண்ணனும் தம்பியும் வலையை இறக்கி மணலில் விரித்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல்தான்.

பிறகு கெங்காதரன் உள்ளே வந்தார். கதிரையில் ஏறி, பரணுக்குள் கையை விட்டு, மடியை இழுத்து எடுத்தார். இரண்டு வருஷமாகக் கடலைக் காணாத மடி. ராத்திரி மழையின் ஒரு துளிகூட அதில் பட்டிருக்கவில்லை.

அவள் வாசல்வரை பின்னால் போனாள்.

அவர் அதைத் தம்பியின் முன்னால் போட்டார்.

"இதையும் ஒருக்காக் காயப்போடு."

தாசன் குனிந்து எடுத்தான். உதறினான். தூசியும் பல்லி முட்டைகளும் மணலில் கொட்டின.

"ஓம் அண்ணை," என்றான். "நல்லாத்தான் நனைஞ்சிருக்கு."