இருந்தால் எரியும் கால்

"தறியைக் கழட்டி ஏத்திக்கிட்டுப் போகத்தான் வந்திரிக்கன். வண்டில் வாசல்ல நிக்கிது."

முனாப் ஹாஜியார் வந்ததும் வராததுமாகச் சொல்லிவிட்டார். மருதமுனையில் பதினெட்டு வீடுகளில் அவருடைய தறி ஓடியது. பதினெட்டு வீட்டாரில் ஒருவரையும் அவர் நம்பியதில்லை. நூலை நிறுத்துக் கொடுப்பார், நெய்து முடித்த சாரனை நிறுத்து வாங்குவார்.

ஜெமீலா தறியிலிருந்து எழுந்து முக்காட்டை இழுத்துவிட்டாள். புருசன் மவுத்தான பிறகு அவளுக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் அந்தத் தறிதான் சோறு போட்டது.

"இரிங்க ஹாஜியார்."

"இரிக்க வரல்ல. மத்தவங்க நாலு நாளையில நெய்யிறத்துக்கு உனக்கு ஏழு நாள் செல்லுது. கேட்டா காலுக்குள்ள நோவாம். பக்கத்து ஊட்டு சல்மா உம்மா என்ன சொல்றா தெரியுமா? பொழுது விடிஞ்சா நீ வளவுக்குள்ள உலாத்துறியாம்."

வேலிக்கு அப்பாலிருந்து சல்மா உம்மாவே பதில் சொன்னாள். "நான் சொன்னதுதான்! சந்தைக்குப் போற மாதிரி தறிக்கும் கிணத்தடிக்கும் நடக்காள்!"

"கேட்டியா? இப்பிடி நடக்கிறவளுக்குக் கால்ல என்ன நோவு?"

"நடந்தா ஒண்டுமில்ல ஹாஜியார். நிண்டாலும் ஒண்டுமில்ல. இரிந்தாத்தான்."

"ஊரு உலகத்துக்கெல்லாம் இரிந்தா நோவு ஆறும். உனக்கு இரிந்தா நோவு வருமா?"

"ஓம்."

அவ்வளவுதான் சொன்னாள். அழவில்லை. அழுது காட்டுகிறவர்களை ஹாஜியார் நிறையப் பார்த்தவர்.

"டொக்டருக்குக் காட்டல்லையா?"

"மூணு ஆஸ்பத்திரியில காட்டிட்டன். ரெத்தம் நல்லம், எலும்பு நல்லம், ஒரு வருத்தமும் இல்ல எண்டாங்க. கொழும்புக்கும் போனன். வழியெல்லாம் செக் பொயின்ட். இறங்கு, நட, ஏறு. பஸ்ஸுல இரிந்த அவ்வளவு சனமும் ஏசிச்சு. நான் மட்டும் ஒவ்வொரு இடத்துலயும் அல்ஹம்துலில்லாஹ் எண்டன்."

ஹாஜியார் சிரிக்கவில்லை.

"எங்க தொடங்கும்?"

"வலது உள்ளங்கால்ல."

"குதிக்கால்லதானே?"

"இல்ல. குதிக்காலுக்கும் விரலுக்கும் நடுவுல. உச்சி வெயில்ல கடக்கரை மணல்ல நிக்கிற மாதிரி எரியும். மறுகா கெண்டைக்கால்ல எறும்பு ஊரும்."

"ராவைக்குப் படுத்தாக் கூடுமாக்கும்."

"படுத்தா ஒண்டுமில்ல."

"கால் வீங்குமே?"

"வீங்கினா டொக்டர்மார் நம்பியிரிப்பாங்களே."

"எண்ணெய் தடவினா சுகம் தெரியுமே?"

"எரிச்சல்தான் கூடும். நாட்டு மருந்துப் பரிசாரிட எண்ணெய் மூணு போத்தல் முடிச்சிட்டன்."

பொய் சொல்கிறவள் என்றால் ஒரு கேள்விக்காவது ஓம் என்று தலையாட்டியிருப்பாள். ஜெமீலா ஆட்டவில்லை. ஹாஜியாரும் விடவில்லை.

"கலியாண ஊட்டுல எல்லாரும் சுத்தி இரிந்து ஒரே தட்டுல திங்கிற சஹனுக்கு இரிக்கத்தானே வேணும்? அப்ப என்ன செய்யிற?"

"இரிக்க மாட்டன். நிண்டுகிட்டு மத்த சஹனுக்கெல்லாம் கறி கொண்டு போய் வைப்பன். கடைசியா குசினியில நிண்டு திம்பன். ஒரு சஹன்ல எங்களோட கை வைக்க மாட்டாள், பெருமைக்காரி எண்டு சொந்தக்காரங்க கதைக்கிறாங்க. கதைக்கட்டும்."

"தொழுகையில?"

"அது சின்ன நேரம். அல்லாஹ் தாங்க வைக்கிறான்."

ஹாஜியார் தறிப் பக்கம் போய் நெய்த துணியைப் புரட்டினார். கரை இழுத்துக் கட்டிய கயிறு மாதிரி நேராக ஓடியது. எந்த இடத்தில் எழுந்து போனாள், எந்த இடத்தில் திரும்ப வந்து தொட்டாள் என்று அவருடைய கண்ணாலேயே பிடிக்க முடியவில்லை. பதினெட்டுத் தறியிலும் இப்படி ஒரு நெசவு கிடையாது. அதை வாய் திறந்து சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை.

"இந்தக் காலோட எப்பிடி நெய்யிற?"

"நாலு விரல் அகலம் நெய்வன். எரியத் தொடங்கும். ஒழும்பிப் போய் ஒரு குடம் தண்ணி அள்ளுவன். வந்து மறுகா நாலு விரல். சும்மா நடந்தா நேரம்தானே போகுது, குடத்தையாவது தூக்குவமே. எங்கட தொட்டி நிரம்பினா சல்மா உம்மாட தொட்டிக்கு ஊத்துவன்."

வேலிக்கு மேலே நீண்டிருந்த சல்மா உம்மாவின் தலை கீழே இறங்கியது.

"என்னத்தால வருது எண்டு யோசிக்கல்லையா நீ?"

"மூணு வருசம் அதைத்தான் யோசிச்சன். ஜின் எண்டாங்க. கண்ணூறு எண்டாங்க. மனசுலதான் வருத்தம் எண்டாங்க. எனக்கு நோகுது எண்டு ஒவ்வொருத்தருக்கும் காட்டப் போய்த்தான் களைச்சன், நோவால களைக்கல்ல. இப்ப ஒருத்தருக்கும் காட்டப் போறல்ல. அது வரும், நான் ஒழும்புவன். அது போகும், நான் நெய்வன்."

ஹாஜியார் வாசலுக்குப் போய் வண்டில்காரனைப் பார்த்து, "நீ போ" என்றார். திரும்பி வந்தார்.

"தறி இஞ்சயே கிடக்கட்டும். ஏழு நாளெண்டா ஏழு நாள். ஒம்பது நாள் எடுத்தாலும் நான் கேக்க மாட்டன்."

ஜெமீலா அவருடைய முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"மூணு ஆஸ்பத்திரியும் நம்பல்ல, கூடப் பொறந்தவங்களும் நம்பல்ல. ஒருத்தரையும் நம்பாத நீங்க எப்பிடி ஹாஜியார் நம்பினீங்க?"

அவர் வேலிப் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கு இடது கால், புள்ள. பொஞ்சாதிக்கும் சொல்லாம, எனக்குப் பைத்தியம் எண்டு நினைச்சுக்கிட்டே ஒம்பது வருசம் போக்கிட்டன்."