ஏலகிரிக்கு ஒரு நாள் லீவு

சேரப்பணஞ்சேரி தாண்டி, கம்பெனி கேட் எதிரே மூன்று நண்பர்கள் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். கேட்டில் புதிய பூட்டு. இன்று முதல் கம்பெனி காலவரையின்றி மூடப்படுவதாகச் சொல்லும் நோட்டீஸில் பசை இன்னும் காயவில்லை. காலை வெயிலில் மினுங்குகிறது. ஆளுக்கொரு ஷிப்டில் கிடப்பவர்கள். ஒன்றாக ஏலகிரி போக, ஒரே நாளில் லீவு கேட்டு வருஷம் முழுக்க சூப்பர்வைசரிடம் கெஞ்சி, இந்த ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் வாங்கியிருந்தார்கள். எழிலரசனின் பையில் புளிச்சோறு மணக்கிறது. மலைக்குளிருக்கென்று இரவல் வாங்கிய குரங்குக் குல்லாவைச் சூசைராஜ் கழற்ற மறந்திருக்கிறான். காதோரம் வியர்வை வழிகிறது. ஏலகிரிக்குப் போக அவர்கள் முதலில் ஏற வேண்டிய காஞ்சிபுரம் பஸ் வந்து நிற்கிறது. “ஏர்றீங்களா, இல்லியா?” என்கிறார் கண்டக்டர். யாரும் அசையவில்லை. பஸ் போகிறது. “வுட்றா, இனிமே மூணு பேருக்கும் டெய்லி ஒண்ணாதான் லீவு” என்கிறான் நிர்மல். சூசைராஜ் குல்லாவை முகம் மறைய இழுத்துவிட்டுக்கொள்கிறான்.