சரியாத ராஜா

"தோத்தாச்சு. ஒத்துக்கிட்டு மரியாதையா சரிஞ்சு படுங்க" என்றது எதிரணிக்காக ஆடிய கம்ப்யூட்டர். சதுரங்கப் பலகையில் வெள்ளை ராஜா தலைகுனிந்து சரியப் போனது.

"நில்லுங்க ராஜா!" என்று கத்தியது முன்னால் நின்ற சிப்பாய். "ஏன் தோத்தோம்னு அது சொல்லட்டும்."

"சிப்பாயைக் கொடுத்து மாத்தினதையும் சேர்த்து என்கிட்ட மூணு மந்திரி இருக்காங்க. உங்ககிட்ட வெறும் சிப்பாய்ங்க."

"மூணு பேரும் கறுப்புக் கட்டத்துலதானே நடப்பாங்க? நாங்க எல்லாருமே வெள்ளைக் கட்டத்துல நிக்கிறோம். உங்க ராஜா நுழையவும் இடம் விடலை. எப்படிப் பிடிப்பீங்க?"

"கணக்குப்படி எனக்குத்தான் பலம் அதிகம்."

"நான் பலத்தையா கேட்டேன்? வழியைக் கேட்டேன்."

கம்ப்யூட்டரின் விசிறி இரைந்தது. மந்திரிகள் சுற்றிச் சுற்றி வந்தார்கள். வெள்ளை ராஜா வெள்ளைக் கட்டங்களில் நிமிர்ந்து உலாவியது.

"வெற்றி எனக்கே" என்றது கம்ப்யூட்டர் மறுபடியும்.

"காலையிலேர்ந்து அதையேதான் சொல்றீங்க" என்றது சிப்பாய். "வந்து ஜெயிங்களேன்!"