சனிக்கிழமைப் பழுது

"யாரோ உள்ள பூந்து விளையாடுறாங்கண்ணே!" கதவைத் திறக்கும்போதே வீட்டம்மா புகாரோடு நின்றாள். "மறுபடியும் நெட்டு போச்சு."

நெட்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார். "போயிருக்காதேம்மா! போன வாரம்தானே பூட்டு மேல பூட்டா போட்டுட்டுப் போனேன்?"

"அதைத்தான் நானும் கேக்குறேன். சனிக்கிழமை ஆனா எங்க வீட்டு வைஃபை பெட்டிக்கு மட்டும் என்ன வருது?"

கேள்வி நியாயமானதுதான். ஊர்ப்பட்ட வீடுகளின் வைஃபையை அவர் பார்த்துக்கொள்கிறார். மற்ற இடங்களில் எப்போதாவது எலி வயரைக் கடித்தால் உண்டு. இந்த வீட்டில் மட்டும் மாதக்கணக்காகச் சனிக்கிழமை தவறாமல் பழுது.

கூடத்தில் அதற்குள் கேரம் போர்டு வந்துவிட்டது. நெட் இருந்தால் இங்கேயும் ஆளுக்கொரு மூலைதான். அப்பா போனோடு, மகள் லேப்டாப்போடு, வீட்டம்மா அடுப்படியில் தன்னந்தனியாக. நெட் போனால்தான் எல்லோரும் ஒரு இடத்தில் உட்காருவார்கள்.

"மாமா, சீக்கிரம் வாங்க. அப்பா இப்பவே சிவப்புக் காயைச் சுடப் பாக்குறாரு!" என்றாள் மகள்.

"நெட்டு போனாதான் இவளுக்கு அப்பான்னு ஒருத்தன் இருக்கறதே ஞாபகம் வருது," என்று வீட்டுக்காரர் சிரித்தார். "வாங்கண்ணே, ஜோடிக்கு ஆள் இல்லாம உக்காந்திருக்கேன்."

அவரை 'மாமா' என்று கூப்பிட உலகத்தில் வேறு யாரும் கிடையாது. மனைவி போனபிறகு ஒண்டிக்கட்டை. அறையில் ஒரு தட்டு, ஒரு தம்ளர், பேச்சுத் துணைக்கு மின்விசிறியின் கடகடப்பு. மற்ற வீடுகளில் முதலில் பெட்டியைக் காட்டுவார்கள், வேலை முடிந்ததும் வாசலைக் காட்டுவார்கள். 'உக்காருங்க' என்று சொல்லும் வீடு இது ஒன்றுதான்.

அதையும் போன வாரம் அவரே தொலைத்திருந்தார். மகள் லேப்டாப்பில் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தபோது பாதியில் நெட் நின்றுவிட்டது. அவள் தேம்பித் தேம்பி அழுததைப் பார்த்ததும் அவருக்கு மனசு கேட்கவில்லை.

அன்று எல்லாப் பாஸ்வேர்டுகளையும் மாற்றினார், இருந்த ஓட்டைகளை எல்லாம் அடைத்தார். "இனிமே நான் வர்ற வேலையே இருக்காதும்மா" என்று மனசைக் கல்லாக்கிக்கொண்டு சொல்லிவிட்டுப் படியிறங்கினார். அறைக்குப் போனபிறகு சோறு இறங்கவில்லை.

இப்போது மறுபடியும் பழுது என்றால்? உண்மையிலேயே எவனோ உள்ளே புகுந்துவிட்டானா?

அவருக்கு இருதலைக்கொள்ளி எறும்பின் நிலைமை. சரிசெய்துவிட்டால் அடுத்த சனிக்கிழமை அறையும் மின்விசிறியும்தான். சரிசெய்யாவிட்டால் 'இவருக்குக் கைராசி இல்லை' என்று வேறு ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

"ஏம்மா, ரெண்டு பாஸ்வேர்டு குடுத்தேனே. நெட்டுக்குள்ள வர்றதுக்கு வீட்டுச் சாவி மாதிரி ஒண்ணு, பெட்டியோட செட்டிங்கை மாத்தறதுக்கு பீரோ சாவி மாதிரி ஒண்ணு. அந்த பீரோ சாவியை யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இவர்கிட்டகூடச் சொல்லலண்ணே. உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்."

"பாப்பாவுக்கு இன்னைக்கும் பரீட்சை இருக்கா?" என்று கேட்டார்.

"இல்லண்ணே. இனிமே எல்லாம் காலையிலதான். சாயங்காலம் சும்மாதான் இருப்பா, விசாரிச்சுட்டேன்."

அவர் பெட்டியில் வயரைச் சொருகி, லேப்டாப்பில் செட்டிங்குகளைத் திறந்தார். பாஸ்வேர்டு சரியாக இருந்தது, பூட்டும் பலமாகத்தான் இருந்தது. இந்த வீட்டுக்குச் சொந்தமில்லாத போன் எதுவும் உள்ளே நுழைந்த தடயமே இல்லை.

கடைசியாக நேரக் கட்டுப்பாட்டுப் பக்கத்துக்குப் போனார். மற்ற வீடுகளில் யாரும் எட்டிக்கூடப் பார்க்காத பக்கம் அது. அங்கே ஒரே ஒரு வரி இருந்தது. சனிக்கிழமை நாலு மணிக்கு மேல் யாருக்கும் அனுமதி இல்லை.

போன வாரம் அவர் தன் கையாலேயே அழித்துவிட்டுப் போன வரி. ஒரு எழுத்துக்கூடப் பிசகாமல் மறுபடியும் வந்து உட்கார்ந்திருந்தது.

மெதுவாகத் தலையைத் தூக்கி வீட்டம்மாவைப் பார்த்தார்.

அவள் அவர் பக்கத்தில் டீயை வைத்தாள். கூடத்தில் அப்பாவும் மகளும் சிவப்புக் காய்க்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குக் கேட்காதபடி குனிந்து, சின்னக் குரலில் சொன்னாள்:

"போன வாரம் நீங்க செட் பண்ண மறந்துட்டீங்கண்ணே. அதான் நானே பண்ணிட்டேன்."